ஸ்பானிய மொழி பேசுவோருக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கப் போகும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் அமெரிக்கா வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டில் இருக்கும் நம்மவர்களில் பலர், பக்கத்து நூலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போக விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் டெக்சாஸில் டாலஸை ஒட்டிய ஓர் ஊரின் நூலகத்துக்குப் போனேன். எனக்குக் கிடைத்த வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். மெக்சிகோ, எல் சால்வடார், ஹோண்டுராஸ், குவாத்தமாலா ஆகிய நாடுகளிலிருந்து வந்த அவர்கள் அனைவரும் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். தங்கும் விடுதிகளில் அறை சுத்தம் செய்வது, கூரை போடுவது, உணவகச் சமையலறையில் காய் நறுக்குவது என்று ஆளுக்கொரு வேலையில் இருந்தவர்கள். முதல் எட்டு வாரங்களில் நான் சொல்லிக் கொடுத்த சொற்களில் பெரும்பாலானவை அவர்களிடம் தங்கவே இல்லை. குறை அவர்களிடம் இல்லை. நான் எந்த வரிசையில் ஆங்கிலம் கற்றேனோ அதே வரிசையில் அவர்களுக்கும் கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு வாரங்கள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. காகித வேலைகளை ஆறு வாரம் முன்னரே தொடங்குங்கள்

நூலகங்களில் பொதுவாகக் கேட்பவை விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் அல்லது மாநில ஓட்டுநர் உரிமம், பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல் கையெழுத்து, சில இடங்களில் உங்களை அறிந்த இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். என்னிடம் இவற்றுக்காகக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் பின்னணிச் சோதனைக்கான இணையப் படிவம், அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை இடாமல் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாக்காரரிடம் அந்த எண் பெரும்பாலும் இருக்காது. கட்டத்தில் சுழியங்களை நிரப்பிப் பார்த்தேன். விண்ணப்பம் எங்கோ சிக்கிக்கொண்டு மூன்று வாரம் போயிற்று. நீங்கள் சுழியம் எதையும் நிரப்ப வேண்டாம். முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் அந்த எண் இல்லை என்று சொல்லி, காகிதப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வகுப்பு பள்ளி வளாகத்தில் நடப்பதாக இருந்தால் காசநோய்ச் சோதனைச் சான்றும் கேட்கப்படலாம். நம்மில் பெரும்பாலோர் குழந்தையாக இருந்தபோதே காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அதனால் தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையில், நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்ட வாய்ப்புண்டு. பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைய வேண்டியிருக்கும். பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத இரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது, அதையே கேளுங்கள். அது விலை கூடியது என்பதால் உங்கள் காப்பீடு ஏற்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பொறி வகுப்பு நன்றாகப் போகத் தொடங்கிய பிறகு வரும். மாணவர் ஒருவர் தம் பிள்ளைக்கு வீட்டில் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா, மணிக்கு இருபது டாலர் தருகிறேன் என்பார். ஈ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கினால் அது அனுமதியின்றி வேலை செய்ததாகிவிடும். நூலகத்தில் வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்கிற பணியை ஊதியமின்றிச் செய்வது வேறு, இது வேறு. ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

2. முதல் வகுப்பில் மூன்று கேள்விகளும், கேட்கக் கூடாத ஒரு கேள்வியும்

கேட்கக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மவர் இருவர் இங்கே சந்தித்தால் பெயருக்கு அடுத்தபடி கேட்பது "என்ன விசா?" என்பதைத்தான். அந்தப் பழக்கத்தை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அடுத்த வகுப்புக்கு வராமல் போகிறவர்கள் உண்டு.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீட்டில் தாயுடன் எந்த மொழி பேசினீர்கள் என்பது. குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே, கஞ்ஞோபால் போன்ற மாயன் பழங்குடியினரின் மொழிகளில் ஒன்று. ஸ்பானியம் அவர்களுக்கு இரண்டாம் மொழி, சிலருக்கு அரைகுறை மொழி. என் வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் அமைதியாக இருந்த ஒருவர் மாம் பேசுபவர் என்பது ஏழாவது வாரத்தில்தான் தெரிந்தது. அதுவரை நான் ஸ்பானியச் சொல்லைச் சொல்லி அதன் வழியாக ஆங்கிலச் சொல்லுக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் பாலத்தின் இரு கரையும் அயல் கரை. கீழே நான் சொல்லப்போகிற பல உத்திகள் இத்தகையவர்களுக்குப் பயன்படா. அவர்களுக்குப் படமும் பொருளும் செய்கையும்தான் வழி.

இரண்டாவது கேள்வி, எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனீர்கள் என்பது. இதைத் தனியே, மெதுவாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, இந்த ஆங்கிலம் உங்களுக்கு எங்கே வேண்டும் என்பது. மேலாளரோடு பேசவா, பிள்ளையின் பள்ளியிலா, மருத்துவமனையிலா, குடியுரிமை நேர்காணலிலா, கல்லூரியிலா என்பதைப் பொறுத்துச் சொல் பட்டியலே மாறிவிடும்.

ஒரு சிறு வசதியையும் சொல்ல வேண்டும். முதல் நாள் சுற்றியிருந்த பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் மேசையைத் தட்டி "மேசா" என்றார். நானும் "மேசை" என்றேன். அலமாரியை அவர்கள் "ஆர்மாரியோ" என்றார்கள். இரண்டும் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஸ்பானியத்திலும் ஏறக்குறைய அதே வடிவம். வகுப்பில் இறுக்கம் தளர இது போதுமானதாக இருந்தது. அவர்கள் மொழியில் நம் நீ, நீங்கள் போலவே தூ, உஸ்தெத் என்ற வேறுபாடும் உண்டு. வயதில் மூத்தவர்களை உஸ்தெத் என்றே அழையுங்கள்; உங்களை அவர்கள் "மாயெஸ்த்ரா" என்றோ "மிஸ்" என்றோ அழைப்பார்கள்.

3. நமக்குக் கடினமானது அவர்களுக்கு எளிது

நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நாயும் பூனையும் கையும் காலும் முதலில் வரும். "ரெஸ்பான்ஸிபிலிட்டி" போன்ற நீளச் சொற்கள் பத்தாம் வகுப்பில் வரும். நானும் அந்த வரிசையிலேயே போனேன். ஒரு நாள் வேறு வழியில்லாமல் அந்த நீளச் சொல்லைப் பலகையில் எழுதி, விளக்கத் தொடங்குமுன்பே எல்லாரும் ஒரே குரலில் "ரெஸ்பொன்சாபிலிதாத்" என்றார்கள். ஆங்கிலம் தன் புத்தகச் சொற்களில் பெரும்பகுதியை லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் எடுத்துக்கொண்டது. ஸ்பானியமோ லத்தீனின் நேர்வாரிசு. ஆகவே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வெழுதும் சொற்கள் அவர்களுக்கு வீட்டுச் சொற்கள்.

மாறாக, சமையலறையிலும் வேலையிடத்திலும் புழங்குகிற குட்டைச் சொற்கள் பெரும்பாலும் ஜெர்மானிய மூலம் கொண்டவை. முழங்கைக்கும் முழங்காலுக்கும் வாளிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் அவர்களுடைய மொழியில் எதையும் நினைவூட்டுவதில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், ஒரு சின்ன வினையோடு இன்னொரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தருகிற சேர்க்கைகள். விடுதியில் அறை சுத்தம் செய்யும் ஒரு பெண்மணி சொன்னதை மறக்க முடியாது. மேற்பார்வையாளர் வந்து "வி ரேன் அவுட் ஆஃப் டவல்ஸ்" என்றாராம், அதாவது துண்டுகள் தீர்ந்துவிட்டன என்று. அந்தப் பெண்மணிக்கு "ரேன்" என்றால் ஓடினார், "அவுட்" என்றால் வெளியே, "டவல்" தெரியும். யாரோ துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, நடைபாதையை எட்டிப் பார்த்திருக்கிறார். அதே மேற்பார்வையாளர் "இன்சஃபிஷியன்ட்" என்று சொல்லியிருந்தால் அவருக்கு உடனே புரிந்திருக்கும், ஏனென்றால் ஸ்பானியத்தில் அது "இன்சுஃபிசியென்தே".

எனவே உங்கள் வகுப்பு நேரத்தில் பாதிக்கும் மேல் இந்தச் சேர்க்கைகளுக்கும் குட்டைச் சொற்களுக்கும் ஒதுக்குங்கள். புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அவே என்று ஒரே வினையை வைத்துக்கொண்டு நான்கையும் ஒரே நாளில் நடத்தும் ஆசை உங்களுக்கு வரும். பாடப் புத்தகங்களும் அப்படித்தான் அடுக்கியிருக்கும். அது பெரும் பொறி. நான்கும் ஒன்றோடொன்று கலந்து, அடுத்த வாரம் அணிந்துகொள் என்பதற்கும் தள்ளிவை என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் நிற்பார்கள். ஒரு சூழலுக்கு ஒன்றாகக் கொடுங்கள். துணி மடிக்கும் வேலையைப் பற்றிய பாடத்தில் புட் அவே மட்டும் வரட்டும். கையுறையும் தலைக்கவசமும் வரும் நாளில் புட் ஆன் வரட்டும்.

4. சொல்லின் வாலைப் பிடித்துக் கொடுங்கள்

இது விரைவில் முடிகிற வேலை. நாற்பது நிமிட வகுப்பு ஒன்றே போதும். ஸ்பானியத்தில் "சியோன்" என்று முடியும் சொல் ஆங்கிலத்தில் பெரும்பாலும் "ஷன்" என்று முடியும்: இன்ஃபர்மாசியோன் இன்ஃபர்மேஷன் ஆகும், எஸ்தாசியோன் ஸ்டேஷன் ஆகும். "தாத்" என்று முடிவது "ட்டி" ஆகும், எலெக்திரிசிதாத் எலக்ட்ரிசிட்டி ஆவது போல. "மெந்தே" என்பது "லி" ஆகும், ஃபினால்மெந்தே ஃபைனலி ஆவது போல. "ஓசோ" என்பது "அஸ்" ஆகும், ஃபமோசோ ஃபேமஸ் ஆவது போல. பலகையை நான்காகப் பிரித்து, சொற்களை அவர்களையே சொல்லச் செய்யுங்கள். என் வகுப்பில் பலகை நிறைந்து சுவரில் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. ஆங்கிலமே தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அன்று வீட்டுக்குப் போகும்போது நிமிர்ந்து போனார்கள்.

ஆனால் அதே வகுப்பின் இறுதியிலேயே விதி தவறும் இடங்களையும் காட்டிவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கு அவர்கள் சொல் திரதுக்சியோன். விதிப்படி "டிரடக்ஷன்" என்பார்கள், அப்படிச் சொன்னால் எதிரே இருப்பவருக்குப் புரியாது. அறைக்கு ஆபிதாசியோன், விடுதியில் வேலை செய்கிறவர்கள் "ஹாபிடேஷன்" என்று சொல்லிவிட்டு ஏன் புரியவில்லை என்று திகைப்பார்கள்.

அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்தவர்களிடம் இன்னொரு புதையலும் இருக்கிறது. நாம் பஸ், லாரி என்று தமிழாக்கிக்கொண்டது போல அவர்கள் டிரக்கைத் "திரோக்கா" என்றும், லஞ்சை "லோன்ச்சே" என்றும், வண்டியை நிறுத்துவதைப் "பார்க்கெயார்" என்றும் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைக் கொச்சை என்று திருத்தப் புகாமல், இந்தச் சொற்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன, உச்சரிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

5. பொய் நண்பர்களை ஆபத்தின் வரிசையில் சொல்லிக்கொடுங்கள்

வடிவத்தில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கும் சொற்களின் நீண்ட பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும். ஐம்பது சொற்களை அச்சிட்டுக் கொடுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்புக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று வைத்துக்கொண்டு, தவறினால் உயிருக்கோ வேலைக்கோ கேடு வரக்கூடியவற்றை முதலில் எடுங்கள்.

மருந்துச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு முறை என்பதற்கான "வன்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லும், பதினொன்று என்பதற்கான "ஒன்சே" என்ற ஸ்பானியச் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மருந்துப் புட்டியில் நாளுக்கு ஒரு முறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பதினொரு முறை என்று படிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஸ்பானியத்தில் அச்சிட்ட சீட்டிலும் இந்த ஒரு சொல் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் தங்கிவிட்டால் இன்னும் மோசம். காலி மருந்துப் புட்டிகளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கெழுத்துள்ள அந்தச் சொல்லைக் கண்டால் வட்டமிட்டு மருந்தாளரிடம் கேட்க வேண்டும் என்று பழக்குங்கள்.

அடுத்தது "இன்தொக்சிகாதோ". சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு வந்துவிட்டது என்ற பொருளில் ஸ்பானியம் பேசுவோர் இதைச் சொல்வார்கள். ஆங்கிலக் காதுக்கு அது குடியோ போதை மருந்தோ ஆகிவிடும். 1980-இல் ஃபுளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை நினைவற்ற நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது குடும்பத்தார் இந்தச் சொல்லைச் சொல்ல, மருத்துவர்கள் போதை மருந்து அளவு மீறியது என்று கொண்டு சிகிச்சை செய்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இருந்தது பின்னரே தெரிந்தது. அவருக்குக் கைகால்கள் செயலிழந்தன. வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொல்ல வேண்டிய எளிய ஆங்கிலத் தொடரை இந்தப் பாடத்தோடு சேர்த்தே கொடுங்கள்.

மூன்றாவது "மொலெஸ்தார்". அவர்கள் மொழியில் தொந்தரவு செய்வது, அவ்வளவே. ஆங்கிலத்தில் ஒலிக்கும் அதன் இரட்டை பாலியல் குற்றத்தைக் குறிப்பது. மேலாளர் என்னை மொலெஸ்ட் செய்கிறார் என்று ஒருவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டால் என்னென்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "எம்பராசாதா" என்றால் கருவுற்றிருப்பவர் என்பதும், ஆங்கில எம்பாரஸ்ட் வெட்கப்படுவது என்பதும் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற எடுத்துக்காட்டு. அதை வகுப்பு சோர்ந்திருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடத் தொல்லை தருபவை இவற்றைவிடச் சாதாரணமானவை. "பாரியெந்தே" என்றால் உறவினர். ஆகவே பள்ளிப் படிவத்தில் பேரன்ட் என்ற கட்டத்தில் என் மாணவி ஒருவர் தம் நாத்தனார் பெயரை எழுதியிருந்தார். "ஆசிஸ்திர்" என்றால் பெரும்பாலும் வகுப்புக்கோ கூட்டத்துக்கோ போவது, ஆங்கில அசிஸ்ட் போல உதவுவது அன்று. "ஆக்துவால்மெந்தே" என்றால் இப்போது என்று பொருள், ஆங்கில ஆக்சுவலி போல உண்மையில் என்று அன்று. "லிப்ரெரியா" என்றால் புத்தகக் கடை, ஆங்கில லைப்ரரி போல நூலகம் அன்று. இந்தக் கடைசிச் சொல்லால், எங்கள் வகுப்பு நடந்த கட்டடத்தில் இருந்த புத்தகங்கள் எல்லாம் விற்பனைக்கு என்று எண்ணி, இரண்டு மாதம் ஒன்றைக்கூடத் தொடாமல் இருந்தார் ஒருவர்.

6. அவர்கள் காதை நம் காதென்று எண்ணாதீர்கள்

தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். கல் வேறு, கால் வேறு. ஆகவே ஷிப் என்பதையும் ஷீப் என்பதையும் நாம் இயல்பாகவே பிரித்துக் கேட்கிறோம். ஸ்பானியத்தில் ஐந்து உயிரொலிகளே உண்டு. குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றாது. நான் இங்கே வசிக்கிறேன் என்று சொல்ல வந்தவர் இங்கிருந்து கிளம்புகிறேன் என்று சொல்வதாகக் கேட்பது இதனால்தான்; லிவ், லீவ் இரண்டும் அவருக்கு ஒன்றே. பலமுறை சத்தமாகச் சொல்லிக் காட்டுவதால் பயனில்லை. குறிலுக்கு ஒரு கைதட்டல், நெடிலுக்குக் கையை நீட்டி இழுத்தல் என்று வைத்துப் பழக்கினேன். சில வாரங்களில் வேறுபாடு காதில் ஏறியது.

ஸ்கூல் அவர்கள் வாயில் "எஸ்கூல்" ஆகும். நம் ஊர்ப் பக்கம் "இஸ்கூல்" என்று சொல்கிற பாட்டிமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரு மொழியும் சொல் முதலில் இந்த மெய்க்கூட்டத்தை ஏற்பதில்லை. இதைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம், கேட்பவருக்குப் புரியும்.

நேரத்தைச் செலவிட வேண்டியது எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியில். ஸ்பானியத்தில் எழுதியதை அப்படியே படித்துவிடலாம். கத்திக்கான ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அவர்கள் "க்னீஃபே" என்று படிப்பார்கள். ஒருவர் அந்தச் சொல்லின் கீழே தம் மொழி எழுத்துக்கூட்டலில் "நாயிஃப்" என்று ஒலிக்கும்படி எழுதிவைத்திருந்தார். நான் அதை அடித்துவிட்டேன். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிப் படித்ததற்கு நான் வாங்கிய அடி அப்படிப் பதிந்திருந்தது. அடுத்த வகுப்பில் அந்தச் சொல் அவருக்கு மறந்திருந்தது. இப்போது நானே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

7. அட்டைப் பெட்டி: செலவும் முறையும்

நூறு குறிப்பட்டைகள் கொண்ட கட்டு மலிவுக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு டாலருக்குள் கிடைக்கும். அட்டைகள், ரப்பர் வளையங்கள், சிறு பெட்டிகள், தடித்த பேனாக்கள் எல்லாம் சேர்த்துப் பதினோரு பேருக்கும் பன்னிரண்டு வாரத்துக்கு எனக்கு முப்பத்தெட்டு டாலர் ஆயிற்று. நூலகத்திலேயே இதற்குத் தொகை இருக்கலாம். சொந்தப் பணத்தைப் போடும் முன் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

அட்டையின் முன்புறம் ஆங்கிலச் சொல்லைத் தனியே எழுதாமல், அவர் வேலையில் உண்மையாகவே கேட்ட ஒரு தொடருக்குள் வைத்து எழுத வேண்டும். பின்புறம் பொருளும், ஒலியும், முடிந்தால் ஒரு கிறுக்கல் படமும். பொருளை மாணவரே தம் கையால் எழுதட்டும். நீங்கள் அகராதியைப் பார்த்து எழுதிக்கொடுக்காதீர்கள். உறிஞ்சுகுழலை மெக்சிகோக்காரர் "போப்போத்தே" என்பார், மத்திய அமெரிக்காவில் "பஹீயா" என்பார்கள், கொலம்பியாவில் "பித்தீயோ". பேருந்துக்கு மெக்சிகோவில் "காமியோன்", கியூபாவில் "குவாகுவா". அகராதி தரும் சொல் வகுப்பில் பாதிப் பேருக்குப் பழக்கமில்லாததாக இருக்கக்கூடும்.

பெட்டியை மூன்று அறைகளாகப் பிரியுங்கள். புதிய அட்டைகள் முதல் அறையில், நாள்தோறும் பார்க்க. சரியாகச் சொன்னவை இரண்டாம் அறைக்குப் போகும், மூன்று நாளுக்கு ஒரு முறை பார்க்க. அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாம் அறைக்கு, வாரம் ஒரு முறை. எந்த அறையில் தவறினாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். ஜெர்மானிய இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறையின் எளிய வடிவம் இது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். என் மாணவர்களில் பலர் வேலை தொடங்குமுன் காரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை இதற்கு வைத்துக்கொண்டார்கள்.

இதையே கைப்பேசியில் செய்ய ஆங்கி (Anki) என்ற செயலி உண்டு. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம், ஐஃபோனில் 24.99 டாலர். அதைப் போன்ற பெயரும் படமும் வைத்துக்கொண்டு மாதக் கட்டணம் பிடிக்கிற வேறு செயலிகளும் இருக்கின்றன. மாணவரின் கைப்பேசியில் நீங்களே உடனிருந்து இறக்கிக்கொடுங்கள். என் கருத்தைக் கேட்டால், மாலையில் கைப்பேசி பிள்ளைகள் கைக்குப் போய்விடும் வீடுகளில் காகித அட்டையே நிற்கும்.

வாரத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். முப்பது கொடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் நான்கு மிஞ்சியது. பத்துக் கொடுத்தபோது எட்டு மிஞ்சியது.

8. யாருக்கு எந்தப் பட்டியல்

பொதுவாகத் தொடங்குகிறவர்களுக்கு 2013-இல் வெளியான புதிய பொதுச் சேவைச் சொற்பட்டியல் (நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்) உதவும். அதில் ஏறக்குறைய 2,800 சொற்கள், பயன்பாட்டு அடர்த்தி வரிசையில் இருக்கின்றன, இணையத்தில் இலவசம். முதல் சில நூறு சொற்களில்தான் நான் மேலே சொன்ன குட்டைச் சொற்கள் குவிந்திருக்கும். கல்லூரிக்குப் போக விரும்புகிறவருக்கு ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியல் (அகாடமிக் வேர்ட் லிஸ்ட்) இருக்கிறது, 570 சொற்குடும்பங்கள். பெயரைப் பார்த்துப் பயந்து அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பள்ளி முடித்த ஸ்பானிய மாணவருக்கு அதில் பெரும்பகுதி முகம் தெரிந்த சொற்களே, உச்சரிப்புதான் வேலை.

குடியுரிமை நேர்காணலுக்குப் போகிறவருக்கு எந்தப் பாடநூலும் வேண்டாம். படிக்கும் தேர்வுக்கு ஒன்று, எழுதும் தேர்வுக்கு ஒன்று என இரண்டு சிறிய சொற்பட்டியல்களைக் குடியேற்றத் துறையே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படித்தாலும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினாலும் தேறலாம். அந்தப் பட்டியலில் காங்கிரஸ், பிரசிடென்ட், கேப்பிடல் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவை. யார், எப்படி என்பதற்கான ஹூ, ஹௌ இரண்டையும் மாற்றிப் படிப்பதுதான் வழக்கமான தவறு. எட்டு வாரம் போதும். ஆனால் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளை அதிகாரி வாய்மொழியாகக் கேட்பார் என்பதால், அந்தப் படிவத்தின் சொற்களுக்குத் தனியாக நான்கு வாரம் வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர். தயாராகாமல் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐம்பது வயதைக் கடந்து இருபது ஆண்டு நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தவருக்கும், ஐம்பத்தைந்தைக் கடந்து பதினைந்து ஆண்டு இருந்தவருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இதை அறியாமல் மனம் ஒடிந்து படித்துக்கொண்டிருந்த ஒருவர் என் வகுப்பில் இருந்தார். பள்ளிப் படிப்புக்கு இணையான ஜி.இ.டி. தேர்வை ஸ்பானியத்திலேயே எழுதலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

9. பன்னிரண்டு வாரக் கால அட்டவணை

வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம் என்று வையுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால் நவம்பர் இறுதியில் முடியும். டிசம்பரில் புதிதாகத் தொடங்க வேண்டாம். பலர் ஊருக்குப் போவார்கள், போகாதவர்களுக்கு வேலை கூடியிருக்கும். பள்ளி விடுமுறை வாரங்களில் தாய்மார்கள் வர முடியாது, பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் இடம் கொடுத்தால் ஒழிய.

மழை நாளில் வகுப்பு நிறைந்திருப்பதைக் கண்டு நான் முதலில் வியந்தேன். கூரை போடுகிறவர்களுக்கு அன்று வேலை இல்லை. வெயில் நன்றாக அடிக்கும் வாரத்தில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ஆகவே ஒரு வகுப்பின் பாடம் முந்தைய வகுப்பைச் சார்ந்து நிற்கக் கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் கால் மணி நேரம் பழைய அட்டைகளுக்கு, பிறகு ஐந்து புதிய சொற்கள், அவற்றை வைத்து இருவர் இருவராக ஒரு சிறு உரையாடல், கடைசியில் ஒரு பொய் நண்பன். ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் புதிய சொல் எதுவும் வேண்டாம். அந்த வாரங்களில் உண்மையான படிவம் ஒன்றை நிரப்புவது, மருத்துவரிடம் நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசுவது போன்றவற்றை நடத்திப் பாருங்கள்.

இடையில் நின்றுவிடுகிறவர்களின் அட்டைப் பெட்டியைக் கலைத்துவிடாதீர்கள். வேறு நகரில் வேலை கிடைத்துப் போய், நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்த ஒருவர் வாசலிலேயே தம் பெட்டியைக் கேட்டார். அதன் வெற்று அட்டைகளைப் புதியவர் ஒருவருக்குக் கொடுத்து, எழுதியிருந்தவற்றை நான் குப்பையில் போட்டிருந்தேன். பெயர் எழுதி, ஒரு பையில் போட்டு, குறைந்தது ஓராண்டாவது நூலக அலமாரியில் வைத்திருங்கள்.